ஹெலன் பானர்மன்

ஹெலன் பானர்மன் (பெப்ரவரி 25, 1862 - அக்டோபர் 13, 1946) ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சிறுவர் நூல் எழுத்தாளரும் ஓவியரும் ஆவார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவில், பெரும்பாலும் சென்னையிலும் மும்பையிலும், வாழ்ந்தவர். இவர் எழுதி, படமும் வரைந்து 1899 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான லிட்டில் பிளாக் சாம்போ (சின்னக் கறுப்புச் சாம்போ) என்னும் சிறுநூல், ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மிகுதியாக வாசிக்கப்பட்ட குழந்தைக் கதைகளுள் ஒன்று. பின்னர் இதே நூல் இனவெறியின் அடையாளமாகக் கண்டிக்கப்பட்டு, பல நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. கொடைக்கானலுக்கும் சென்னைக்கும் இடையிலான ஒரு பயணத்தில் இக்கதை உருவானதாகக் கூறப்படுகிறது. கதையின் பெயரை அறிந்தோர் உலகெங்கும் இருந்தும், அதை எழுதியவரின் பெயரை அறிந்தோர் சிலரே.

இளமைக்காலம்

ஹெலன் புரோடி கோவன் வாட்சன் என்பது இவரது இயற்பெயர். எடின்பரோ நகரில் ஏழு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகவும், பெண்களுள் மூத்தவராகவும் பிறந்தார். தந்தை ராபர்ட் பூக் வாட்சன் படைப்பிரிவு ஒன்றில் சமயகுருவாகப் பணியாற்றியவர். ஸ்கொட்லாந்து சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்தவர். சிப்பி, நத்தை முதலிய மெல்லுடலிகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டிருந்தார். 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களை ஆய்வு செய்த சாலஞ்சர் கப்பல் கொணர்ந்த நத்தையினங்களைப் பற்றிய பெரிய அறிக்கையை எழுதியவர் இவரே. தாய் ஜேனட், காகித ஆலை உரிமையாளரும் கொடையாளருமான அலெக்சாண்டர் கோவனின் மகள்.

தந்தை போர்த்துக்கலுக்கு உரிய மதீரா தீவிலிருந்த ஸ்கொட்லாந்துத் தேவாலயத்தில் பணியேற்றதால், ஹெலனின் சிறுவயது அத்தீவில் கழிந்தது. பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே தந்தையிடம் பாடங்கற்றார். அக்காலத்தில் ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. 1892 இல்தான் அக்கதவு திறந்தது. அதற்கு முன்னர், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் வெளியிலிருந்து படிக்கும் பெண்களுக்கென ஒரு தேர்வை நடத்தி, எல்.எல்.ஏ. என்னும் தகுதியை வழங்கி வந்தது. ஹெலன் 1887 இல் அத்தகுதியைப் பெற்றார். ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இவரது கோடுகளில் காணப்படும் எளிமையும் கரடுமுரடும் அதனாலேயே என்று கொள்ளலாம்.

திருமணமும் இந்திய வாழ்க்கையும்

1889 இல் இந்திய மருத்துவப் பணியில் மருத்துவராக இருந்த வில்லியம் பர்னி பானர்மன் என்பவரை மணந்து, அவருடன் இந்தியா வந்தார். இவர்களுக்கு ஜேனட், டே என்னும் இரு பெண்களும், பாட், ராபர்ட் என்னும் இரு ஆண்களும் பிறந்தனர். பெண்கள் இருவரும் 1890களிலும், ஆண்கள் அடுத்த சில ஆண்டுகளிலும் பிறந்தவர்கள்.

வில்லியம் பானர்மனின் பணி பெரும்பாலும் கொள்ளைநோயைச் சுற்றியே அமைந்தது. 1896 இல் மும்பையில் பிளேக் நோய் பரவியபோது வால்டெமர் ஹாஃப்கின் அங்கு வந்து, 1897 சனவரியில் அந்நோய்க்கான தடுப்பூசியை உருவாக்கினார். அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் பானர்மனும் பணியாற்றினார். 1902 இல் பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் தடுப்பூசி இட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் இழுப்பு நோயால் இறந்ததைத் தொடர்ந்து ஹாஃப்கின் பதவி இழந்தார். பின்னாளில் அவர் குற்றமற்றவர் எனத் தெளிவானது. அவருக்குப் பின் ஆய்வுக்கூடத்தின் தலைமை பானர்மனிடம் வந்தது. இந்நிறுவனமே இப்போது மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம். 1911 முதல் 1918 வரை பானர்மன் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தார்.

இவ்வாறு நோயும் சாவும் அன்றாடச் செய்தியாக இருந்த ஒரு வீட்டில்தான் ஹெலன் தம் பிள்ளைகளை வளர்த்தார். சமவெளியின் கோடைக்கு அஞ்சிய ஐரோப்பியக் குடும்பங்கள் பிள்ளைகளை மலைக்கு அனுப்புவது அக்கால வழக்கம். ஹெலனும் அவ்வாறே செய்தார். அவர் தேர்ந்தெடுத்த மலை கொடைக்கானல்.

கொடைக்கானல் பயணமும் கதையின் பிறப்பும்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் அமைந்த கொடைக்கானல், ஆங்கிலேய ஆட்சியாளர்களால் அன்றி, அமெரிக்க மறைப்பணியாளர்களால் குடியிருப்பாக்கப்பட்ட மலைவாழிடம் ஆகும். மதுரையில் நோய்க்குத் தம்மவர் பலரைப் பறிகொடுத்த அவர்கள், 1845 இல் அங்கு முதலிரு வீடுகளைக் கட்டினர். 1863 இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். 1890களில் இது உதகமண்டலத்தைப் போன்று அரசு அலுவலர்களின் ஆரவாரம் மிகுந்த ஊராக இல்லை. குழந்தைகளை விட்டுச்செல்ல ஏற்ற அமைதியான இடமாக இருந்தது.

ஆனால் அங்கு செல்வது எளிதன்று. சென்னையிலிருந்து தென்னிந்திய இரயில்வேயில் அம்மையநாயக்கனூர் வரை வரவேண்டும். இந்நிலையமே இன்று கொடைக்கானல் ரோடு எனப்படுகிறது. அங்கிருந்து மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தை அடைந்து, பின்னர் குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியிலோ மலைப்பாதையில் ஏறவேண்டும். மோட்டார் வண்டிகள் செல்லக்கூடிய மலைச்சாலை 1910களின் நடுப்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. கீழிருந்து மேலே செல்வதற்கும், மேலிருந்து சென்னை திரும்புவதற்கும் இரண்டு நாள்கள் வரை ஆயின.

1898 இல் தம் இரு பெண் குழந்தைகளையும் கொடைக்கானலில் விட்டுவிட்டு, ஹெலன் மட்டும் கணவரிடம் திரும்பினார் என்றும், அந்த நீண்ட பயணத்தில் பிள்ளைகளைப் பிரிந்த ஏக்கத்தைத் தணித்துக்கொள்ள, அவர்களுக்கு அனுப்புவதற்காக ஒரு கதையைப் புனைந்து படங்களும் வரைந்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அப்போது மூத்தவள் ஜேனட்டுக்கு ஐந்து வயது, இளையவள் டேக்கு இரண்டு. இரயில் பயணத்தில் கதை உருவான செய்தியை நூலின் முதற்பதிப்பின் முன்னுரையே குறிப்பிடுகிறது. வெளியீட்டாளரை எண்ணியோ, வேற்று நாட்டு வாசகரை எண்ணியோ எழுதப்பட்ட கதை அன்று அது. அதன் முதல் வாசகர் இருவர் மட்டுமே; அவர்களும் பழனி மலை மீது இருந்தனர்.

கதை

சாம்போ என்னும் சிறுவனுக்கு அவன் தாய் மம்போ சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் தைத்துத் தருகிறாள். தந்தை ஜம்போ கடைத்தெருவுக்குச் சென்று பச்சைக் குடையும், ஊதா நிறக் காலணியும் வாங்கி வருகிறான். இவற்றை அணிந்து காட்டுக்குள் உலாவச் செல்லும் சிறுவனை நான்கு புலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறிக்கின்றன. தன்னைத் தின்னாமல் விட்டால் ஒரு பொருளைத் தருவதாகச் சொல்லி அவன் ஒவ்வொன்றிடமிருந்தும் தப்புகிறான். நான்கு காலுள்ள புலிக்கு இரண்டு காலணியால் என்ன பயன் என்ற கேள்வி எழும்போது, காதுகளில் மாட்டிக்கொள்ளுமாறு யோசனை கூறுகிறான். குடையைப் பிடிக்க வழியில்லாத புலிக்கு வாலில் கட்டிக்கொள்ள வழி காட்டுகிறான்.

பின்னர், தங்களுள் யார் அழகு என்று புலிகள் சண்டையிட்டு, ஒன்றன் வாலை மற்றொன்று கவ்விக்கொண்டு ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, வேகம் தாளாமல் உருகி நெய்யாகின்றன. வேலை முடிந்து வரும் ஜம்போ அந்நெய்யைப் பித்தளைப் பானையில் அள்ளிச் செல்ல, மம்போ அதில் அப்பம் சுடுகிறாள். அவள் 27, ஜம்போ 55, பசியோடிருந்த சாம்போ 169 அப்பங்கள் தின்பதுடன் கதை முடிகிறது. மொத்தம் 251 அப்பங்களைச் சுட்டவள் மம்போ ஒருத்தியே என்பதைக் கதை பெரிதுபடுத்தவில்லை.

வெண்ணெய் எனப் பொதுவாகக் கூறாமல், அது இந்தியாவில் நெய் எனப்படும் என்று கதையே விளக்குகிறது. புலி, கடைத்தெரு, பித்தளைப் பானை ஆகியனவும் ஆசிரியர் நாள்தோறும் கண்டும் கேட்டும் வந்த நாட்டிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்கக் காட்டில் புலி இல்லை. ஆயினும், மாந்தரின் பெயர்கள் எவையும் இந்நாட்டுக்கு உரியன அல்ல. சாம்போ என்பது ஆங்கிலத்தில் கறுப்பினத்தவரை இழிவாகச் சுட்ட நெடுங்காலமாகவே வழங்கிவந்த பெயர். படங்களில் உள்ள முகங்களும் தடித்த உதடு, அகன்ற விழி என அக்கால ஐரோப்பியக் கேலிச்சித்திரங்களின் சாயலைக் கொண்டவை. தமிழகத்துச் சிறுவர்களைக் கண்ணெதிரே கண்டு வாழ்ந்த ஒருவர், கதையில் ஒரு சிறுவனை வரையும்போது கண்டதை விட்டு, பிற அச்சுப் படங்களில் பார்த்ததையே வரைந்தார் என்பது இந்நூலின் முதன்மையான குறை. பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இதுவே.

ஐந்து பவுண்

கையெழுத்துப் பிரதியைக் கண்ட ஆலிஸ் பாண்ட் என்னும் தோழி, அதை இலண்டனுக்கு எடுத்துச்சென்று வெளியீட்டாளர்களிடம் காட்டினார். பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் வெளியிட முன்வந்தார்; ஆனால் காப்புரிமையையும் சேர்த்துக் கேட்டார். காப்புரிமையை விட்டுக்கொடுக்க ஹெலனுக்கு விருப்பமில்லை. எனினும் இந்தியாவுக்கும் இலண்டனுக்கும் கடிதம் சென்று திரும்பவே பல வாரங்கள் ஆகும் நிலையில், 5 பவுணுக்கு உரிமை முழுவதும் கைமாறியது. 1899 அக்டோபரில், டம்பி நூல்கள் எனப்பட்ட சிற்றளவு வரிசையின் நான்காம் நூலாக அது வெளியானது. எழுத்தாளர் ஈ. வி. லூகாஸ் முன்னுரை எழுதினார்.

குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவு, பக்கத்துக்குச் சில வரிகள், எதிரே ஒரு வண்ணப்படம் என்னும் அமைப்பு அன்று புதுமையாக இருந்தது. இதே போன்ற சிற்றளவில் பீட்ரிக்ஸ் பாட்டரின் புகழ்பெற்ற பீட்டர் முயல் கதை விற்பனைக்கு வந்தது 1902 இல்தான். சாம்போ உடனடியாகப் பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றியின் பொருட்பயன் ஆசிரியரைச் சேரவில்லை.

பண இழப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அதனுடன் நேர்ந்தது. 1900 இல் நியூயார்க்கின் ஸ்டோக்ஸ் நிறுவனம் அமெரிக்கப் பதிப்பைக் கொணர்ந்தது. அதன்பின் அந்நாட்டில் இசைவு பெறாத பதிப்புகள் பெருகின. அவற்றைத் தடுக்கும் உரிமை ஹெலனிடம் இல்லை. பலவற்றில் அவரது படங்கள் நீக்கப்பட்டு, வேறு ஓவியர்களின் படங்கள் சேர்க்கப்பட்டன. இந்தியக் காடு மறைந்து, அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தித் தோட்டத்து அடிமைக் குடிசையும், கறுப்பினத்தவரை நையாண்டி செய்யும் உருவங்களும் இடம்பெற்றன. 1935 இல் அப் ஐவர்க்ஸ் இதே பெயரில் ஒரு அசைபடத்தையும் எடுத்தார். கொடைக்கானலில் இருந்த இரு குழந்தைகளுக்காக எழுதப்பட்ட கதை, எழுதியவர் காணாத ஒரு நாட்டின் கசப்பான வரலாற்றுக்குள் இழுத்துச் செல்லப்பட்டது.

பிற நூல்கள்

சாம்போவின் வெற்றிக்குப் பின் ஹெலன் தொடர்ந்து எழுதினார். லிட்டில் பிளாக் மிங்கோ (1901), லிட்டில் பிளாக் குவிப்பா (1902) ஆகியவை அடுத்தடுத்து வந்தன. மிங்கோ ஒரு சிறுமி. அக்கதையில் வரும் முதலைக்கு மக்கர் என்ற இந்தியப் பெயரே இடப்பட்டுள்ளது. கீரிப்பிள்ளையும், மண்ணெண்ணெய்த் தகர டின்னும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. 1903 இல் வந்த லிட்டில் டெக்சி ஹெட் என்னும் நூலின் தலைப்பில் உள்ள டெக்சி, தமிழ்ச் சமையற்கட்டில் டேக்சா என வழங்கும் பாத்திரத்தின் பெயருக்கு உறவான இந்துத்தானிச் சொல். நெருப்போடு விளையாடித் தலையை எரித்துக்கொண்ட ஓர் ஐரோப்பியச் சிறுமிக்கு, தலைக்குப் பதிலாகப் பாத்திரம் பொருத்தப்படும் கதை அது. அமெரிக்காவில் அச்சொல் விளங்காது என்பதால் தலைப்பு மாற்றப்பட்டது.

1904 இல் வெளிவந்த பாட்டும் சிலந்தியும் என்ற கதையின் நாயகன் அவருடைய மகன் பாட். குறும்புக் குரங்கு (1906), குவாஷா (1908), பாப்டெயில் (1909) ஆகிய கதைகளுக்குப் பின் நீண்ட இடைவெளி. 1936 இல், 74 ஆம் வயதில், சாம்போவும் இரட்டையரும் என்ற தொடர்ச்சியை வெளியிட்டார். இவற்றுள் எதுவும் முதல் நூலின் புகழை எட்டவில்லை. கதையோட்டத்தின் துணிச்சலில் மிங்கோ மட்டுமே அதற்கு அருகில் வரக்கூடியது.

அச்சேறாத எழுத்து ஒன்றும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து கல்விக்காக எடின்பரோ சென்றபின், ஹெலன் இந்தியாவிலிருந்து அவர்களுக்கு இடைவிடாமல் கடிதங்கள் எழுதினார். ஓரங்களிலும் நடுவிலும் வண்ணப் படங்கள் வரையப்பட்ட இக்கடிதங்கள் எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளன. 1902 முதல் 1917 வரையிலான இக்கடிதங்கள் 16 தொகுதிகளாக அமைந்துள்ளன. பிரிந்திருக்கும் பிள்ளைக்குப் படம் வரைந்து அனுப்பும் வழக்கம் சாம்போவுடன் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது எனலாம்.

எதிர்ப்பும் மறுபதிப்புகளும்

அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் நூலகர்கள் பலர் இந்நூலைப் பரிந்துரைத்தே வந்தனர். கறுப்பினச் சிறுவன் ஒருவன் அறிவால் புலிகளை வென்று, அன்பான பெற்றோருடன் மகிழ்ச்சியாக வாழ்வதாகக் காட்டும் நூல்கள் அப்போது மிகச் சிலவே. ஆனால் 1932 இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், இத்தகைய நூல்கள் வெள்ளைக் குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருப்பினும் கறுப்பினக் குழந்தைகளின் மனத்தைப் புண்படுத்துகின்றன என்று சுட்டிக்காட்டினார். வகுப்பில் இக்கதை படிக்கப்பட்டபின், அப்பெயராலேயே கேலிக்கு உள்ளான குழந்தைகளின் அனுபவம் அவரது கருத்துக்கு வலுச் சேர்த்தது. 1940களிலிருந்து பள்ளிகளும் நூலகங்களும் படிப்படியாக இதை விலக்கின.

1957 இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட சாம்போஸ் என்னும் உணவகத்தின் பெயர், அதன் நிறுவனர்களான சாம் பட்டிஸ்டோன், நியூவெல் போனெட் ஆகியோரின் பெயர்ப் பகுதிகளால் ஆனது. எனினும் அது கதையின் புலிகளையும் சிறுவனையும் சுவர் ஓவியங்களாகப் பயன்படுத்தியது. 1979 இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்டிருந்த அந்நிறுவனம், பெயருக்கு எழுந்த எதிர்ப்பும் பிற வணிகச் சிக்கல்களும் சேர, 1980களின் தொடக்கத்தில் நொடித்தது. சாண்டா பார்பராவில் எஞ்சியிருந்த முதற்கடையும் 2020 இல் பெயரை மாற்றிக்கொண்டது.

பிரித்தானியாவில் 1972 இல் இனவெறிக்கு எதிரான ஆசிரியர் அமைப்பு ஒன்று நூலைத் திரும்பப் பெறுமாறு கோரியது. அப்போது ஹெலனின் மகன் ராபர்ட் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், ஒரே ஒரு சிறுவனாவது இதனால் வருந்துவான் என்று அறிந்திருந்தால் தம் தாய் இந்நூலை வெளியிட்டிருக்கவே மாட்டார் எனத் தெரிவித்தார். அவ்வாறே இருக்கக்கூடும். ஆனால் எழுதியவரின் நோக்கம் தூயது என்பதால், வாசிப்பவருக்கு நேரும் காயம் இல்லாமற்போவதில்லை. அதேபோல், பிறர் வரைந்த இழிவான படங்களின் பழியை எல்லாம் ஹெலன் மீது சுமத்துவதும் நேர்மையன்று. பெயரும் முகச்சாயலும் அவருடைய பிழைகள். பருத்தித் தோட்டமும் குடிசையும் பிறருடையவை.

சப்பானில் 1953 முதல் விற்பனையில் இருந்த இவானாமி பதிப்பு 1988 இல் நிறுத்தப்பட்டு, 2005 இல் வேறொரு பதிப்பகத்தால் மீண்டும் வெளியிடப்பட்டபோது பெரும் எண்ணிக்கையில் விற்றது. 1996 இல் அமெரிக்காவில் இரு மாற்றுப் பதிப்புகள் வந்தன. ஜூலியஸ் லெஸ்டர் எழுதி, ஜெர்ரி பிங்க்னி படம் வரைந்த சாமும் புலிகளும் என்னும் நூலில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களான அவ்விருவரும் கதையைத் தம் மரபின் வழக்கில் மறுபடி கூறினர். ஃபிரெட் மார்செல்லினோ, ஹெலனின் மூலக்கதையைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களைப் பாபாஜி, மாமாஜி, பாப்பாஜி என மாற்றி, படங்களை இந்தியச் சூழலில் வரைந்தார். பெயரும் படமும் மாறியதும் கதையில் திருத்த வேண்டிய வேறு ஏதும் பெரிதாக இருக்கவில்லை. கதை எழுதப்பட்ட நாட்டுக்கு அது திரும்பி வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இறுதிக்காலமும் குடும்பமும்

1918 இல் கணவர் ஓய்வுபெற்றதும் இருவரும் எடின்பரோ திரும்பினர். வில்லியம் பானர்மன் 1924 இல் காலமானார். ஹெலன் தம் 84 ஆம் வயதில் அக்டோபர் 13, 1946 இல் எடின்பரோவில் காலமாகி, அங்குள்ள கிரேஞ்சு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற லிட்டில் ஒயிட் ஸ்குவிப்பா என்னும் கதையை மகள் டே நிறைவு செய்து 1966 இல் வெளியிட்டார். கொடைக்கானலில் கதைக்காகக் காத்திருந்த இரு குழந்தைகளுள் இளையவர் அவர்.

மூத்தவர் ஜேனட் மீண்டும் சென்னையுடன் தொடர்பு கொண்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய புள்ளியியலாளர் வால்டர் கிப்பிளை மணந்தார். இவர்களின் மகன் டாம் கிப்பிள் 1932 இல் சென்னையில் பிறந்து, டவ்டன் கோரி பள்ளியில் பயின்று, பின்னர் எடின்பரோவில் கல்வியைத் தொடர்ந்தார். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எவ்வாறு அமைகிறது என்பதை விளக்கும் கோட்பாட்டை 1964 இல் முன்வைத்த அறிவியலாளர்களுள் ஒருவர். 2014 இல் பிரித்தானிய அரசின் சர் பட்டம் பெற்ற அவர் 2016 இல் காலமானார்.